பர்மாச் சொத்து: கொடுத்தது யார்? பறித்தது யார்?

(தேவகோட்டையில் நடந்த பொதுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றையக் கூட்டத்திற்கு "பர்மாச் சொத்து" என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் ஒட்டியவுடனே, "இவர்கள் செட்டியார்களைத் திட்ட வருகிறார்கள்" என்று சிலரும், "செட்டியார்களிடம் நன்கொடை வாங்கிக்கொண்டு புகழ வருகிறார்கள்" என்று வேறு சிலரும் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். இரண்டு கூட்டத்தாருக்கும் ஏமாற்றந்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். நாம் வந்திருப்பது கணக்குப் பார்ப்பதற்கு. கணக்கு என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தில் எந்தப் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்லுகின்றார்கள். "எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனார், முருகன் அருளால் சொத்து மலைபோல் சேர்ந்தது, பிறகு எங்கள் தலைவிதி, சண்டை வந்தது, எல்லாம் போய்விட்டது" என்கின்றார்கள். சேர்ந்ததற்கு முருகன், போனதற்குத் தலைவிதி! வரவைச் சாமி பேரிலும், நஷ்டத்தைத் தலையெழுத்தின் பேரிலும் எழுதிய ஒரு பேரேட்டை எந்தக் கடையிலாவது எந்த மேலாளாவது ஒப்புக்கொண்டிருப்பாரா? "சிட்டை எங்கே, பற்று எங்கே?" என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்திருக்கமாட்டாரா? காலணா குறைந்தால் விளக்கை வைத்துக்கொண்டு விடியவிடியத் தேடிய வம்சத்தார், 75 கோடி ரூபாய் விஷயத்தில் மாத்திரம் "எல்லாம் அவன் செயல்" என்று ஐந்தொகையை மூடிவிடுவது என்ன நியாயம்? 75 கோடி என்பது நாம் கற்பனையாகச் சொல்லுவதல்ல. 1930-ல் பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டியார் போட்ட மதிப்பு. ஏறக்குறைய 1,650 கடைகளில் புரண்ட பணம். அன்றைய 75 கோடி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணம் எப்படி உண்டாயிற்று?

1852-ல் வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டுக் கீழ்ப் பர்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பொழுது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் காடும் சேறும் கோரையுந்தான். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் பஞ்சமில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி குறுகியது. அரிசிக்குக் கிராக்கி ஏறியது. உடனே மேல் பர்மாவிலிருந்து ஏழைக் குடியானவர்கள் கும்பல் கும்பலாய் இறங்கி வந்து காட்டை வெட்டினார்கள். 1850-களில் 10 லட்சம் ஏக்கர்கூட இல்லாத நெல் சாகுபடி, 1930-களில் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் போய்விட்டது. காட்டை வெட்டுகிறவனுக்கு மாடு வேண்டும், விதை வேண்டும், அறுவடை வரையில் சோறு வேண்டும். வெள்ளைக்கார பாங்கி அவனுக்குக் கடன் கொடுக்குமா? அவன் முகத்தைக்கூடப் பார்க்காது. அங்கேதான் நமது செட்டியார் போய் உட்கார்ந்தார்.

எப்படிப்பட்டவர் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று மாளிகையைப் பார்க்கின்றவர்கள், ராஜாவாய்ப் போய் ராஜாவாய்த் திரும்பினார் என்று நினைத்துக்கொள்ளுகின்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில், தாயை விட்டுப் பிரிந்து, மதராசில் கப்பலேறிப் பெட்டியடிப் பையனாய்ப் போனவர்களே அதிகம். பெட்டியடிப் பையன் என்றால் கடையைக் கூட்ட வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், மேலாள் சொல்லச் சொல்ல வட்டிக் கணக்கை மனத்திலேயே போட வேண்டும். தப்பினால் உதை. பிறகு அடுத்தாள், பிறகு மேலாள். மூன்று வருஷம் ஒரு "கணக்கு". அது முடிந்துதான் ஊரைப் பார்க்கலாம். இரவில் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் படுக்கை. மியாங்மியாவிலும் பியாபோனிலும் மௌபினிலும், சுற்றிலும் தண்ணீரும் வயலுமாய் இருக்கும் ஊர்களில், பாஷை தெரியாத ஜனங்களுக்கு நடுவில், ஒரு வேட்டியோடு உட்கார்ந்து பர்மிய பாஷையைக் கற்றுக்கொண்டு, மாட்டின் பல்லையும் நிலத்தின் மண்ணையும் ஆளின் முகத்தையும் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். பர்மிய லேவாதேவிக்காரர் வாங்கியதைவிட இவர்கள் வாங்கிய வட்டி குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1920-களில் பர்மா கவர்னராயிருந்த சர் ஹார்கோர்ட் பட்லர், செட்டியார் பணமில்லாவிட்டால் பர்மா இவ்வளவு முன்னேறியிருக்காது என்று புகழ்ந்து பேசியிருக்கின்றார். இந்த உழைப்பையும் துணிவையும் நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆனால் இதில் வேடிக்கை என்னவென்றால், கப்பலேறியதே சாஸ்திரத்துக்கு விரோதம். கடற்பிரயாணம் செய்கிறவனைச் சிராத்தத்தில் சாப்பிடக் கூப்பிடக்கூடாதவர்களின் ஜாபிதாவில் சேர்த்து மனுதர்மம் மூன்றாவது அத்தியாயத்தில் சொல்லுகின்றது. பௌதாயனமோ அதைச் சாதியை விட்டு விழும்படியான பாவம் என்கின்றது. செட்டியார் அந்தச் சாஸ்திரத்தைக் கரையிலே வைத்துவிட்டுக் கப்பலேறினதால்தான் பணம் வந்தது. பணத்தைக் கொண்டுவந்து இறக்கினபிறகு, அதே சாஸ்திரக்காரனைக் கூப்பிட்டுத் தட்சிணை கொடுத்துக் கும்பாபிஷேகம் செய்தார்! சாஸ்திரத்தை மீறினதால் வந்த பணத்தைச் சாஸ்திரத்துக்கே செலவழித்த அதிசயம் நம் நாட்டைத் தவிர வேறு எங்கே நடக்கும்?

முருகன் கொடுத்தான் என்கின்றீர்களே, முருகன் ரங்கூனில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மொகல் தெருவில்தான் நமது கிட்டங்கிகள். அங்கேயே தண்டாயுதபாணி கோவிலும் இருந்தது. தமிழ் மாதத்துக்கு ஒரு தடவை சாயந்திரம் கடைக்காரர்களெல்லாம் அந்தக் கோவிலிலே கூடி, நடப்பு வட்டி இன்ன விகிதம் என்று பேசி முடிவு செய்வார்கள். ஆண்டி வேஷத்தில் கோவணத்தோடு நிற்கின்ற சாமியின் சன்னிதியில் வட்டிக்கு விலை கட்டுகின்ற கூட்டம்! நாம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கூடிப் பேசுவதற்கு ஒரு பொது இடம் வேண்டும்; கோவில் அந்த இடமாயிருந்தது. இலாபத்தில் மகமை என்று சாமி பேரில் எடுத்து வைத்தார்கள். அந்தப் பணமும் வட்டிக்குப் போயிற்று. ஆகவே சாமி கொடுத்தவரல்ல. சாமியும் ஒரு பங்குக்காரர், அவ்வளவுதான். வட்டியை நிர்ணயித்தது ரங்கூன் அரிசி மார்க்கெட்டும், வெள்ளைக்கார பாங்கிகள் செட்டியாருக்குக் கொடுத்த கடனும், ஊரிலிருந்து வந்த மேல்பணமுமே தவிர வேலாயுதமல்ல.

சரி, வீட்டில் என்ன நடந்தது? இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1862-ல் ஒரு சட்டம் போட்டு, மேற்கே போய் ஐந்து வருஷம் குடியிருந்து உழுகிறவனுக்கு 160 ஏக்கர் என்று கொடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பெரிய பண்ணைக்காரர்களாயும் வியாபாரிகளாயும் ஆனார்கள். அந்த நிலம் முன்பு அங்கே வாழ்ந்த சிவப்பிந்தியர்களிடமிருந்து பிடுங்கினது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அக்கிரமத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போனவன் குடும்பத்தோடு போனான், அங்கேயே வேரூன்றினான். நம்மவரோ பெண்களைக் கப்பலேற்றவில்லை. பதின்மூன்று வயதில் கலியாணம் செய்துவைத்து, கோட்டை மாதிரி வீட்டில் விட்டுவிட்டு, மூன்று வருஷக் கணக்குக்குப் போனார். அவள் "வேறு வைத்து", தனி அடுப்பு மூட்டி, செட்டாய்க் குடித்தனம் நடத்தி, பிள்ளையை வளர்த்து, மாமியாருக்கும் பதில் சொல்லி, கடிதத்துக்காகக் காத்திருந்தாள். ஊர்க் கணக்கில் அவளுக்கு என்ன மரியாதை? கலியாணமான ஆண் பிள்ளை ஒரு புள்ளி. அவன் கடலுக்கு அப்பால் இருந்தாலும் முழுப் புள்ளி. இங்கேயே இருந்து வீட்டைத் தாங்குகிறவள் புள்ளியில் சேர்த்தி இல்லை. அவன் செத்துப்போனால் அப்போதுதான் அவளை எண்ணுவார்கள். எவ்வளவு? அரைப் புள்ளி! கணவன் உயிரோடிருந்தால் பூஜ்யம், செத்தால் அரை. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்கும் சரிசமமாய்ச் சொத்து வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, "குடும்பத்தைக் கெடுக்க வந்த கூட்டம்" என்று நம்மைச் சொன்னார்கள். அதைச் சட்டமாக்க இந்தத் தமிழ்நாட்டிலேயே 1989 வரையில் அறுபது வருஷம் ஆயிற்று.

செட்டியாரைப் பற்றியாவது புத்தகங்கள் இருக்கின்றன. அதே கப்பலில் கீழ்த்தட்டில் போனவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? தெலுங்குக் கூலிகளும், நமது ராமநாதபுரம், தஞ்சாவூர் ஜில்லாக் கூலிகளும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கடன்பட்டுப் போனார்கள். ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியவன், ரிக்ஷா இழுத்தவன், மலம் அள்ளியவன் அவர்கள்தான். 1931 ஜனக்கணக்குப்படி ரங்கூன் பட்டணத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் மாளிகை கட்டினவர் எத்தனை பேர்?

இனிப் போன கதைக்கு வருவோம். 1930-ல் உலகமெங்கும் விலைவாசி சரிந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. நூறு ரூபாய் கடன் வாங்கியவன் முன்னே எத்தனை கூடை நெல்லை விற்றுக் கட்டினானோ, அதைப்போல இரண்டு பங்கு விற்றாலும் கடன் தீராது. வட்டியும் கட்ட முடியவில்லை. செட்டியாருக்கு வேண்டியது ரொக்கம். அவருக்கும் பாங்கியில் கடன் இருந்தது. ரொக்கம் வராததால், ஈட்டின்படி நிலத்தை எடுத்துக்கொண்டார். நெல் விளையும் முக்கியமான 13 ஜில்லாக்களில் 1930-ல் செட்டியார்களிடமிருந்த நிலம் 5,70,000 ஏக்கர், அதாவது நூற்றுக்கு 6. எட்டே வருஷத்தில், 1938-ல் 24,68,000 ஏக்கர், நூற்றுக்கு 25! நாலில் ஒரு பங்கு பூமி! இங்கே கேட்டால், "அப்போதுதான் ஐயா பெரிய ஜமீன்தாரானார்" என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். உண்மையில் அதுதான் அவர் கெட்ட காலம். விற்க முடியாத நிலம், வாங்க ஆளில்லாத நிலம், ஒரு தேசத்தார் முழுவதும் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்த நிலம்.

காட்டை வெட்டிக் கழனியாக்கின பர்மியக் குடியானவன் அதே வயலில் குத்தகைக்காரனாய் நின்றான். அவனுக்குச் சுவாதந்திரியமில்லாத சர்க்கார் மேலே; கடன் கொடுத்தவன் பக்கத்திலே. 1930 டிசம்பரில் தராவாடியில் சாயா சான் என்பவர் தலைமையில் கலகம் கிளம்பிற்று. அந்தக் கோபத்தில் நியாயமிருந்தது. ஆனால் ஆயுதம் என்ன? உடம்பில் பச்சை குத்திக்கொண்டால், தாயத்துக் கட்டிக்கொண்டால் துப்பாக்கிக் குண்டு பாயாது என்று நம்பினார்கள். குண்டு பாய்ந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சாயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஒரு பக்கத்தில் செட்டியாருக்கு வேல். இன்னொரு பக்கத்தில் குடியானவனுக்குத் தாயத்து. இரண்டையும் பார்த்துக்கொண்டு வரி வசூலித்தவன் வெள்ளைக்காரன். அவன் கையில் வேலும் இல்லை, தாயத்தும் இல்லை. இயந்திரத் துப்பாக்கி இருந்தது.

1930 மே மாதத்திலும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்கள்மேல் கலகம் நடந்தது. வட்டியின் மேலிருந்த ஆத்திரத்திற்குப் பெரும்பாலும் பலியானவன் துறைமுகக் கூலி. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்தார் என்றால், இன்னும் ரங்கூனை நம்பித்தான் இருந்தார்கள் என்று தெரிகிறதல்லவா? வருஷாவருஷம் கிரகபலன் பார்த்த எந்த ஜோசியனும், "செட்டியாரே, மூட்டை கட்டும்" என்று சொல்லவில்லை.

1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கையில் பணமிருந்தவனுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது, மற்றவன் நடந்தான். நாலு லட்சத்துக்குக் குறையாத ஜனங்கள் மலையிலும் காட்டிலும் மணிப்பூர், அஸ்ஸாம் நோக்கி நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். அந்தச் சாவிலும் வெள்ளைத்தோலுக்கு ஒரு வழி, கறுப்புத்தோலுக்கு ஒரு வழி என்று பிரித்துவிட்டார்கள் என்ற புகார் அன்றைக்கே கிளம்பிற்று. ரங்கூனில் "ஜோதி" பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்தே வந்தார். அந்த வழிநடையைப் புத்தகமாகவும் எழுதியிருக்கின்றார். வாலிபர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் வழியைப் பிரித்ததற்கு நமக்கெல்லாம் ஆத்திரம் வருகின்றது, வர வேண்டியதுதான். ஆனால் சாயா சான் கலகம் கிளம்பிய அதே 1930 டிசம்பரில், இந்தத் தேவகோட்டை அடங்கியிருந்த ராமநாதபுரம் ஜில்லாவில் என்ன நடந்தது? மேல்சாதிக்காரர்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடக்கூடாது, சட்டை, பனியன் போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக்கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கின்றார். ரங்கூனில் மூட்டை தூக்கிச் சம்பாதித்த ஒரு ஆதிதிராவிடத் தோழர் சட்டையும் செருப்புமாய் இந்தப் பக்கத்தில் ரயிலை விட்டு இறங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டிப்போய் அவர் வாங்கிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும்! அவருக்கு ரங்கூனிலும் சொந்த வழியில்லை; ராமநாதபுரத்திலும் சொந்த வழியில்லை.

மீதிக் கணக்குக் கொஞ்சந்தான். 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் போட்டார்கள். நிலம் போயிற்று. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; 1963-ல் பாங்கிகளையும் 1964-ல் கடைகளையும் எடுத்துக்கொண்டது; பெரிய நோட்டுகள் செல்லாது என்றது. தையல்காரர், டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் உட்பட லட்சக்கணக்கான பேர் கட்டின துணியோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். சென்னையில் பர்மா பஜாரும், பல ஊர்களில் பர்மா காலனிகளும் அவர்கள் குடியேறின இடங்கள். இவர்கள் வட்டி வாங்கினவர்களல்ல. பர்மிய நிலத்தைப் பர்மியக் குடியானவனுக்குக் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கமாட்டோம். நம் நாட்டில் உழுகிறவனுக்கு நிலம் என்று கேட்கிற நாம், அங்கே மாத்திரம் செட்டியாருக்கு நிலம் என்று கேட்க முடியுமா? ஆனால் டீக்கடைக்காரனின் கெட்டிலைப் பிடுங்கினது எந்தச் சோஷியலிஸமோ நமக்கு விளங்கவில்லை.

வந்த பணத்தில் இங்கே நின்றது என்ன? பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, ஊருக்கு ஊர் கோவில் திருப்பணி. பெரிய வீடுகளில் பாதி இன்று பூட்டிக் கிடக்கின்றது. பங்காளிகள் ஒத்துக்கொள்ளாமல் கதவையும் தூணையும் கழற்றிக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் விற்கின்றார்கள். நியாயமாய்ச் சொல்ல வேண்டியதையும் சொல்லுகின்றோம். 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வைத்தார். 1947-ல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி வைத்தார். மறு வருஷம் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டும்படி 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். எந்தச் சாதிப் பிள்ளையும் போய்ப் படிக்கின்ற அந்தப் பணத்தை எந்த ராணுவமும் பிடுங்க முடியவில்லை. கோபுரத்துக்குக் கொட்டின பணம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இன்னும் பணம் கேட்டுக்கொண்டே இருக்கின்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பெட்டகசாலையில், பழைய பேரேடு, சிட்டை, சம்பளச் சீட்டு, பர்மாவிலிருந்து ஆச்சிக்கு வந்த கடிதம், ஆச்சி எழுதிய பதில் ஏதாவது இருந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூல்நிலையத்தில் கொடுங்கள். அந்தப் பேரேடுகளில் கடன்காரர்களின் பெயர் ஊரோடு எழுதியிருக்கும். மௌபினிலோ பியாபோனிலோ நிலத்தைப் பறிகொடுத்த பர்மியக் குடியானவனின் பெயரை இன்றைக்குத் தெரிந்துகொள்ள அந்த ஏடுகளைவிட நல்ல சாட்சி கிடையாது. கூலியாய்ப் போய் நடந்து வந்தவர்கள் வீட்டுக் கிழவர், கிழவிகள் யாராவது இங்கே இருந்தால், கேட்டதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பேரேடு கிடையாது.

சந்தேகமுள்ளவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். தெரிந்தவரையில் பதில் சொல்லுகின்றோம்.